என் வீட்டில் சொன்ன அஹ்வால்

என் தம்பி தில்முராத் கடைசியாகச் சொன்ன அஹ்வாலை என் வீட்டுப் பாயில் உட்கார்ந்துதான் சொன்னான். கேட்டவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான், இன்னொருவர் என் புருஷன் ஜீயந்த். அவன் சொன்னதில் ஒரு வார்த்தை வெளியே போனாலும் அவன் உயிருக்கு ஆபத்து என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

அஹ்வால் என்பது சும்மா குசலம் விசாரிப்பது இல்லை. எங்கள் மக்ரான் கரையில் வாசலுக்கு யார் வந்தாலும் முதலில் தண்ணீர், அடுத்தது அஹ்வால். எங்கிருந்து வருகிறாய், எந்தக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, எதிரில் யார் வந்தார்கள், என்ன சுமை, எந்த வழி? வீட்டுக்காரர் கேட்க வேண்டும், வந்தவர் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முடித்ததும் வந்தவர் திருப்பிக் கேட்பார், வீட்டுக்காரரும் அதேபோல் ஒளிக்காமல் சொல்வார். மற்ற எல்லாவற்றிலும் நாங்கள் பொய் சொல்வோம். ஒட்டகத்தின் வயதில் சொல்வோம், பெண்ணின் வயதிலும் சொல்வோம். அஹ்வாலில் மட்டும் மாட்டோம். வறண்ட கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்று ஒருவன் சொன்னால் கேட்டவன் செத்துப்போவான், அதனால்.

இதைத்தான் தந்திக் கம்பி பங்களாவில் இருந்த வெள்ளைக்காரத் துரை பிடித்துக்கொண்டான். எந்தக் கிணறு யாருடையது, எந்தக் குலத்துக்கும் எந்தக் குலத்துக்கும் ஆகாது, மஸ்கட்டிலிருந்து வரும் துப்பாக்கி எந்தக் கரையில் இறங்குகிறது என்று அவனுக்கு எல்லாம் தெரிந்தாக வேண்டும். வேவு பார்க்க ஆள் தேடி அலையவில்லை. பங்களா வாசலில் பாய் விரித்து, பேரீச்சம்பழம் வைத்து, எழுதிக்கொள்ளக் கராச்சி முன்ஷியை உட்கார வைத்து, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் முறைப்படி அஹ்வால் கேட்கச் சொன்னான். முறைப்படி கேட்டால் எங்கள் ஆட்கள் சொல்லிவிடுவார்கள். வெகுளிகள். பதிலுக்கு யாராவது, “துரை, உங்க அஹ்வால் சொல்லுங்க” என்றால் மட்டும் அவன் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுவான்.

ஜீயந்துக்கு அங்கே கம்பிக் காவல் வேலை. கம்பியை யாரும் அறுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், தூண் சாய்ந்தால் நிமிர்த்த வேண்டும். அதில் கேவலம் ஒன்றுமில்லை, ஊரில் பாதிப்பேர் செய்த வேலைதான்.

தில்முராத் வருவதற்கு முந்தின நாள் முன்ஷி எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் வீட்டுக்கு வருவது அதுதான் முதல் தடவை. நான்தான் தேநீர் வைத்துக் கொடுத்தேன். இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். எழுந்து போகும்போது சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது.

“சரக்குதான் எங்களுக்கு வேணும். ஆளுக்கு ஒண்ணும் ஆகாது. நான் பொறுப்பு.”

எந்தச் சரக்கு, எந்த ஆள் என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் தில்முராத் வந்தான். ஒட்டகங்களையும் ஆட்களையும் ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு, உடம்பெல்லாம் கருவாட்டு நாற்றத்தோடு வந்து நின்றான்.

“என்னக்கா, இன்னும் இந்த மச்சானைத்தான் வச்சிருக்கியா? மஸ்கட்ல உனக்கு நல்ல ஆளா ஒருத்தனப் பாத்து வச்சிருக்கேன்.”

“கூட்டிட்டு வாடா மாப்ள,” என்றார் ஜீயந்த். “இவ வாய்க்கு அவன் வந்த கப்பல்லயே திரும்பி ஓடிருவான்.”

சிரித்தோம். அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

தண்ணீர் குடித்து முடித்ததும் ஜீயந்த் பாயில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “சொல்லு. அஹ்வால் என்ன?”

“நல்லபடிதான் மச்சான். மேற்க மீன்காரங்க தோணிலேந்து சரக்க எறக்கினோம். வழியில ரெண்டு கிணறு வத்திப்போச்சு, மூணாவதுல உப்புத் தண்ணி. சுமை கருவாடு. கருவாட்டுக்கு அடியில துப்பாக்கி, ஆப்கான் வியாபாரிங்களோடது. துரை மூக்கு அந்த நாத்தத்துக்குப் பக்கத்துலயே வராது. எனக்கு ஒட்டக வாடகை மட்டும்தான்.”

“எந்த வழி?”

“ஆத்து வழின்னு எல்லார்கிட்டயும் பேச்சுவாக்குல சொல்லி வச்சிருக்கேன், என் ஆளுங்ககிட்டயும். ஆனா போகப் போறது இரட்டைப் பாறைக் கணவாய். வழி பிரியற எடத்துலதான் அவங்களுக்கே சொல்லுவேன்.” ஜீயந்த் பக்கம் திரும்பினான். “இப்ப நீங்க சொல்லுங்க மச்சான். உங்க அஹ்வால் என்ன?”

நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். ஜீயந்த் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நல்லபடிதான். மழை ஏமாத்திடுச்சு. வெள்ளாடு ரெட்டைக் குட்டி போட்டிருக்கு. கிழக்க ஒரு கம்பித் தூண் சாஞ்சுது, நிமித்தி வச்சேன். கடல்ல மத்தி நல்லா வருது. வேற ஒண்ணுமில்ல.”

ஆடு குட்டி போட்டதைச் சொன்ன மனுஷர் முன்ஷி வந்து போனதைச் சொல்லவில்லை. மறந்திருப்பார் என்று நினைத்தேன். பத்து வருஷமாக அவர் அஹ்வால் சொல்லிக் கேட்டிருக்கிறேன், ஒரு தும்மலைக்கூட விட்டதில்லை. வேறு எப்படி நினைப்பது?

தில்முராத் சோள ரொட்டியும் மோரும் சாப்பிட்டான். வெயில் தாழ்ந்ததும், “நல்ல ஆள ரெடி பண்ணி வைக்கிறேன்க்கா” என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

அவன் தலை மறைந்ததும் கேட்டேன்.

“முன்ஷி வந்தத ஏன் சொல்லல நீங்க?”

“அவன் வந்து டீ குடிச்சதெல்லாம் ஒரு அஹ்வாலா?” என்றார் என் முகத்தைப் பார்க்காமல். உடனே ஒட்டகத்தை அவிழ்த்துக்கொண்டு தூணைப் பார்க்கப் போவதாகச் சொல்லிப் புறப்பட்டார். சாய்ந்த தூண் கிழக்கே இருந்தது. அவர் போனது மேற்கே, பங்களாப் பக்கம். கம்பி நீளமானது, எங்கே வேண்டுமானாலும் சாயும் என்று என் மனதுக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சில நாள் கழித்து நோதான் வந்தான். தம்பியோடு போன ஒட்டகக்காரர்களில் ஒருவன். தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டிருந்தான். எங்களில் அது சாவுச் சேதியோடு வருகிறவனின் கோலம். அப்போதும் ஜீயந்த் தண்ணீர் கொடுத்தார், பாயில் உட்கார வைத்தார், அஹ்வால் கேட்டார்.

“வழி பிரியற எடத்துல, ஆத்து வழி வேண்டாம், கணவாய்க்குத் திருப்புங்கன்னான். திருப்பினோம். உள்ள சிப்பாய்ங்க காத்துக்கிட்டு இருந்தாங்க அண்ணே. போர்க்கப்பல்லேந்து எறங்கினவங்க. பாறைக்குப் பின்னால கல்லடுக்கி மறைவு கட்டியிருந்தாங்க, அடுப்புச் சாம்பல் ஆறிக் கெடந்துச்சு. ரொம்ப முன்னாடியே வந்திருக்காங்க. மொத வேட்டுலயே தில்முராத் விழுந்துட்டான்.” நோதான் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “எங்களுக்கே தெரியாத வழி, அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? அதான் புரியல.”

எனக்குப் புரிந்தது. மூன்று பேருக்குத் தெரிந்த வழி. ஒருவன் செத்துவிட்டான். நான் வீட்டை விட்டு நகரவில்லை.

ஜீயந்தைப் பார்த்தேன். அவர் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நோதான் முறைப்படி, “உங்க அஹ்வால் என்னண்ணே?” என்று கேட்டான். ஜீயந்த் காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழப் பார்த்தார். துக்கம் தாங்கவில்லை என்று நினைத்து நோதான் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்கு அழுகை வரவில்லை.

துக்கத்துக்கு என் தாய்மாமா கம்பர், கேச் பள்ளத்தாக்கிலிருந்து ஆட்களோடு வந்தார். ஆட்டுமயிர்க் கூடாரத்தின் கீழே வரிசையாக உட்கார்ந்தார்கள். சாவின் அஹ்வாலை வீட்டு ஆண்தான் சொல்ல வேண்டும். மாமா கேட்டார். ஜீயந்த் ஆரம்பித்தார்.

“கணவாய்ல துரையோட சிப்பாய்ங்க...”

“நான் சொல்றேன்,” என்றேன். பெண்கள் பக்கமிருந்து எழுந்து முன்னால் வந்து நின்றேன்.

யாரோ, “உக்காரும்மா” என்றார்கள். மாமா கையை உயர்த்தினார். “சொல்லு மகளே. அஹ்வால் என்ன?”

சொன்னேன். முன்ஷி குடித்த தேநீரிலிருந்து ஆரம்பித்தேன். தம்பி சொன்னதை அவன் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். ஆடு குட்டி போட்டதையும் மத்தி வந்ததையும் சொன்னேன். மேற்கே போன ஒட்டகத்தைச் சொன்னேன். ஆளுக்கு ஒன்றும் ஆகாது என்று முன்ஷி கிளம்பும்போது சொன்ன பேச்சையும் விடவில்லை. என் புருஷனுக்குச் சாதகமான ஒரே விஷயம் அதுதான், ஆனால் அஹ்வாலில் எதையும் விடக்கூடாது.

“எங்க ஆளு மாதிரி கேட்டாரு மாமா. தன் முறை வந்தப்ப துரை மாதிரி ஒளிச்சுட்டாரு. இதுதான் அஹ்வால்.”

இளவட்டம் இரண்டு பேர் இடுப்புக் கத்தியில் கை வைத்தபடி எழுந்தார்கள். ஜீயந்த் அசையவில்லை. வெட்டினால் வெட்டட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தார் என்று நினைக்கிறேன்.

“உக்காருங்கடா,” என்றார் மாமா. “சாவு வீடு இது.”

பிறகு முறைப்படி ஒவ்வொருவரிடமும் அஹ்வால் கேட்டுக்கொண்டு வந்தார். நோதானிடம் கேட்டார். அவனுக்கு அடுத்து ஜீயந்த். மாமாவின் கண் ஜீயந்தின் மேல் நிற்கவே இல்லை, அப்பால் இருந்த ஊர் மீன்காரர் ஒருவரிடம் போனது. “உன் அஹ்வால் என்னப்பா?” மீன்காரர் ஜீயந்தை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார். ஜீயந்த் முழங்காலைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். அடித்திருந்தால் தாங்கியிருப்பார்.

அன்றிலிருந்து அவரிடம் யாரும் அஹ்வால் கேட்பதில்லை. எந்த ஊருக்குப் போனாலும் தண்ணீர் கொடுக்கிறார்கள், ரொட்டி கொடுக்கிறார்கள், ஒட்டகத்துக்குத் தீனி போடுகிறார்கள். பேச்சு மட்டும் அவர் வந்ததும் நின்றுவிடுகிறது. எந்தக் கிணற்றில் தண்ணீர் என்றுகூட அவருக்கு யாரும் சொல்வதில்லை, அவரே போய் எட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு சேதியும் கொண்டு வராதவனுக்கு எதற்குச் சம்பளம் என்று துரையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டான். பங்களாப் பாயிலும் இப்போது கூட்டமில்லை. யாராவது உட்கார்ந்தாலும், “நல்லபடிதான், வேற ஒண்ணுமில்ல” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போகிறார்களாம். எங்கள் ஆட்களும் கற்றுக்கொண்டார்கள். அதை நினைத்தால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

நான் ஏன் அவரை விட்டுப் போகவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. நான் எதற்குப் போக வேண்டும்? வீடு என் அப்பா கொடுத்தது. போக வேண்டியவர் அவர், அவர் போகவில்லை. சமைத்துப் போடுகிறேன், சாப்பிடுகிறார்.

போன வாரம் ஆடு மேய்த்துவிட்டு வந்தவர் வழக்கமான மூலைக்குப் போகவில்லை. தம்பி உட்கார்ந்த இடத்தில், விருந்தாளி மாதிரி உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். தாடி முழுக்க நரைத்துவிட்டது.

“கிரானாஸ்,” என்றார். “நீயாவது கேளேன்.”

எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும்தான். ஆளுக்கு ஒன்றும் ஆகாது என்று முன்ஷி சொன்னதை அவர் நம்பினாரா? நம்பித்தான் மேற்கே போனாரா? கேட்டால் சொல்வார், இந்தத் தடவை பொய் சொல்ல மாட்டார், எனக்குத் தெரியும். நம்பினேன் என்று சொல்லிவிட்டால் நான் அழுதுவிடுவேன், அழுதால் மன்னித்துவிடுவேன். அப்புறம் என் தம்பிக்கு யார் இருக்கிறார்கள்?

“ரொட்டி ஆறுது,” என்றேன். “சாப்பிடுங்க.”