பன்னிரண்டுக்கு அப்பால்

1988, ஒரு சனிக்கிழமை பின்னேரம். ஆறு மணிக்கு ஊரடங்கு. கல்முனையில் மக்கீன் காக்காவின் தொலைபேசிக் கடையில் ஸம்ஸியா கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். எந்த நாட்டு நேரத்தையும் இலங்கை நேரத்துக்கு மாற்றும் புரோகிராம் அவள் எழுதியது.

பக்கத்தில் சுபைறா. மருதமுனையிலிருந்து முக்கால் மணி நேரம் நடந்து வந்திருந்தாள். கப்பலில் வேலை செய்யும் அவள் புருஷன் அதாவுல்லா, டோங்கா தீவிலிருந்து தந்தி அடித்திருந்தான். அந்தத் தீவின் நேரப்படி ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு இந்தக் கடைக்குத் தொலைபேசிக் கோல் எடுப்பானாம். அங்கே கிரீன்விச் நேரத்துக்குப் பதின்மூன்று மணித்தியாலம் முந்தியாம். பிறகு கப்பல் புறப்பட்டுவிடும். ஊரில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் அவள் உயிரோடு இருக்கிறாளா என்றே அவனுக்குத் தெரியாது.

ஸம்ஸியா 13 என்று அடித்தாள். 'எல்லைக்கு வெளியே' என்றது திரை. பன்னிரண்டு என்ற எல்லையை வைத்தவளும் அவள்தான்.

"தந்தியில பிழை புள்ள," என்றார் மக்கீன். "ஒலகத்துல கூடினது பன்னிரண்டுதான். அதப் போடுங்க."

போட்டாள். காலை பத்தரை என்று வந்தது.

"பிழையெண்டா இலக்கத்துல வரும், காக்கா," என்றாள் ஸம்ஸியா. "இது பதின்மூணெண்டு எழுத்துல அடிச்சிரிக்கி."

மின்விளக்கு மங்கி மங்கி எரிந்தது. மின்சாரம் போகுமுன் அவசரமாகப் புரோகிராமில் எல்லையை உயர்த்தினாள். ஆனால் நாள் மாறும் இடத்தில் கணக்குப் பிசகினால்? டோங்காவின் மார்ச் முதலாம் திகதி நள்ளிரவைக் கொடுத்தாள். இங்கே பெப்ரவரி இருபத்தொன்பது, பின்னேரம் நாலரை. சரி. பிறகு தந்தியின் நேரத்தைக் கொடுத்தாள். ஞாயிறு காலை ஒன்பதரை.

"ரெண்டுல எது?" என்று கேட்டாள் சுபைறா.

"ஒன்பதரை. நான் வெச்ச எல்லைதான் பிழை, ராத்தா."

"காலையில ஒன்பதுக்குத்தானே ஊரடங்கு எடுப்பாங்க," என்றார் மக்கீன். "அதுக்குள்ள மருதமுனையிலிரிந்து வந்து சேர ஏலாதே."

"ராத்தா பக்கத்துல எங்கட ஊட்டுல தங்கட்டும். நீங்க ஒன்பதுக்கே வந்து கடையத் திறங்க, காக்கா."

மக்கீன் தந்தியைப் பார்த்தார். "சரி," என்றார்.

மறுநாள் ஒன்பதரைக்குப் பெண்கள் இருவரும் பூட்டிய கடைவாசலில் நின்றார்கள். சந்தியில் ஆமிக்காரர்கள் மக்கீனை நிறுத்தி அடையாள அட்டை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது கடைக்குள்ளே தொலைபேசி அடித்தது. சுபைறா கதவில் கையை வைத்தபடி அசையாமல் நின்றாள். மணி நின்றுபோனது.

மக்கீன் ஓடிவந்து பூட்டைத் திறந்தார். மூவரும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

மறுபடியும் அடித்தது.

"ஓம், நான்தான்," என்றாள் சுபைறா. "உசிரோடதான் இரிக்கன். அழாதீங்க. கதைங்க."

மக்கீனும் ஸம்ஸியாவும் வெளியே போய் நின்றார்கள்.