கணவாயா, ஆற்றோரமா

கட்டிலின் மேல் வரைபடத்தை விரித்து, அது சுருண்டுகொள்ளாமல் இருக்க மூலைக்கொரு மாத்திரை டப்பாவாக அவள் வைத்துக்கொண்டிருந்தபோது, "இன்னிக்கு வேணாம், மடிச்சு வை" என்றார் கணவர்.

ஞாயிறுதோறும் இருவரும் வரைபடத்தை விரித்துப் பேசிவந்த நாலு வருடத்தில் அவர் அப்படிச் சொன்னதே இல்லை. லிஃப்ட் மெக்கானிக்காக முப்பது வருடம் அடுக்குமாடிகளின் இருட்டுக் குழிக்குள் தொங்கியவர். ஓய்வு பெற்றதும் வெளிநாட்டு மலை ஒன்றில், கயிறும் மோட்டாரும் இல்லாமல் சொந்தக் காலால் ஏறிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். வழிகள் இரண்டு. கணவாய் வழி ஒன்பது நாள், கடைசி இரண்டு நாளும் பனிமேல் நடை. ஆற்றோர வழி பன்னிரண்டு நாள். ஏற்றம் குறைவு, ஆனால் ஏழு தொங்குபாலம். ஒரு ஞாயிறு கணவாய் ஜெயிக்கும், மறு ஞாயிறு ஆறு.

நுரையீரல் கெட்டு, மூக்கில் குழாய் ஏறி, கழிப்பறைக்குப் போய்வருவதே பெரும் பயணமான பிறகும் இந்தப் பேச்சு நிற்கவில்லை. அவளும் முகம் மாறாமல் ஈடுகொடுத்தாள். பள்ளி அலுவலகத்தில் போலிச் சான்றிதழைத் தொட்டதுமே கண்டுபிடிக்கிறவள், வீட்டில் நடித்து நடித்துக் களைத்திருந்தாள்.

வரைபடத்தை மடித்தாள்.

"நாம போகப்போறதில்ல" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். "உனக்கும் தெரியும்."

"தெரியும்."

சொன்னதும் தோளிலிருந்து மூட்டையை இறக்கியதுபோல் இருந்தது.

"சும்மா கேக்கறேன். நீ உண்மையில எந்த வழி போயிருப்பே?"

மாத்திரை டப்பாக்களை எடுத்து அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"ரெண்டும் இல்ல. குளிர் எனக்கு ஆகாது. தொங்குபாலம்னாலே பயம். உங்களை அனுப்பிட்டு அடிவாரத்துல ரூம் எடுத்து நல்லாத் தூங்கியிருப்பேன்."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்கி, மறுபடி சிரிப்பாயிற்று.

"படுக்கையில விழுந்த அன்னிக்கே நான் அந்த ஆசையை விட்டுட்டேன். நீ மனசு உடைஞ்சிடுவியேன்னுதான் பேசிட்டிருந்தேன்."

"நானும் அதுக்குத்தான்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் தலையணையைச் சரிசெய்துவிட்டு வெந்நீர் வைக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது ஆக்ஸிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நெஞ்சு அசையவில்லை. டாக்டர் முன்கூட்டியே சொல்லிப் பயமுறுத்தியிருந்த திணறல் எதுவும் வந்த அடையாளம் இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது, அவ்வளவுதான். மெஷினை நிறுத்தினாள். வீடு இவ்வளவு அமைதியானது என்பதையே மறந்திருந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகுதான் கொழுந்தனுக்குப் போன் செய்தாள். அப்போது அழுகை வந்தது.

மறுநாள் எல்லாம் முடிந்து காரில் திரும்பும்போது, அண்ணன் ஆசை நிறைவேறாமலே போய்விட்டாரே என்று கொழுந்தன் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

"இல்ல தம்பி. கடைசியா நல்லாச் சிரிச்சார்" என்றாள்.

தெருமுனையில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். வீட்டு வாசலிலேயே விடுகிறேன் என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நடந்து வருகிறேன் என்று இறங்கிக்கொண்டாள்.

ஒரு வீட்டு முன்னால் யாரோ கார் கழுவிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் தெருவின் குறுக்கே சின்ன ஆறுபோல் ஓடியது. அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அவசரப்படாமல், அதில் கால் நனைய நடந்து போனாள்.