மூன்றாமவன் நான்கு மணிக்குப் பெண் கேட்கப் போகிறான்

1

இந்தக் கதை என் வாசற்கதவில் ஒட்டியிருந்த ஒரு மஞ்சள் தாளிலிருந்து தொடங்கியது. எங்கள் தெருவிலும் அடுத்த மூன்று தெருக்களிலும் படப்பிடிப்பு நடக்கும், கார்களை வெளியே நிறுத்தாதீர்கள், துப்பாக்கிச் சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள், போலீசைக் கூப்பிடாதீர்கள் என்று ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்து, கீழே நன்றியும் சொல்லியிருந்தார்கள்.

கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் பதினெட்டு வருடமாகக் குடியிருக்கிறேன். எங்கள் பக்கத்துப் பையன்களைப் படமெடுக்க வருடத்துக்கு ஒரு கூட்டமாவது வந்துவிடும். எல்லாப் படத்திலும் நாயகன் ஒருவன், அவனைக் கெடுக்கிற கூட்டாளி ஒருவன், இருவருக்கும் பின்னால் வசனமே இல்லாமல் நிற்கிற மூன்றாமவன் ஒருவன். நாற்பதாவது நிமிடத்தில் மூன்றாமவனைச் சுடுவார்கள். நாயகன் அழுவான். மூன்றாமவன் அன்று யார் வீட்டுக்குப் போக இருந்தான் என்று யாரும் கேட்பதில்லை.

படப்பிடிப்பின் கடைசி நாள், சாயங்காலம் நாலு மணி சுமாருக்கு, நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது இரண்டு சத்தம் கேட்டது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. படம்தானே என்று நினைத்தேன். அவர்கள் மூன்றரைக்கே படம் பிடிப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது.

(பயப்படாதீர்கள், விசாரித்துவிட்டேன். யாரோ லாரியின் பின்கதவை அறைந்து சாத்தியிருக்கிறார்கள். ஆனால் நான் நிமிராமல் இருந்தது நிமிராமல் இருந்ததுதான்.)

2

தொடக்கத்துக்கே மூன்று நாள் ஆனது.

"எலிசெயோவின் கழுத்தில் ஒரு கறுப்புச் சிலந்தி காதை நோக்கி ஏறிக்கொண்டு —"

வேண்டாம். பச்சை குத்திய சிலந்தியில் ஆரம்பித்தால் அவனைப் பார்த்து நீங்கள் சாலையின் அந்தப் பக்கம் போய்விடுவீர்கள். அது படக்காரர்கள் செய்கிற வேலை.

"யாதிராவின் வீட்டில் காலையிலிருந்தே சோளமாவு வேகும் வாசம் —"

இது என் வழக்கமான தொடக்கம். என் கதைகளில் யாரும் சாவதில்லை, அதிகம் போனால் மாமியாருக்குச் சர்க்கரை ஏறும். இப்படி ஆரம்பித்தால் கல்யாணம் நிச்சயம் என்று நீங்கள் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவீர்கள். இந்தத் தடவை என்னால் அந்த வாக்கைக் கொடுக்க முடியாது.

ஆகவே உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். எலிசெயோவுக்கு இருபத்து மூன்று வயது. ரொட்டிக்கடை வேன் ஓட்டுகிறான். எந்தக் கும்பலிலும் இருந்ததில்லை. யாதிரா பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காருகிறாள். படப்பிடிப்பின் கடைசி நாள் நான்கு மணிக்கு அவள் வீட்டுக்குப் போய் அவள் அப்பாவிடம் பெண் கேட்க வேண்டும். அன்றுவரை மூன்று நாள், தெருவுக்கே வந்த சினிமாவை விட மனமில்லாமல், அவன் மூன்றாமவனாக நடித்தான்.

3

மூன்றே முக்கால். ஒப்பனை வண்டி வாசலில் இருபது பையன்கள் நிற்கிறார்கள். எல்லார் கழுத்திலும் பச்சை குத்தியதுபோலத் தெரிகிற ஒட்டுப் பச்சை, 'நோரியா' என்று வளைந்த எழுத்து. அப்படி ஒரு கும்பல் எந்த ஊரிலும் கிடையாது என்று வக்கீல் வைத்துச் சரிபார்த்த பிறகே வைத்த பெயர். எலிசெயோவுக்குக் கூடுதலாகச் சிலந்தியும், இடது கண்ணுக்குக் கீழே ஆளைக் கொன்றவன் என்று சொல்லும் ஒரு கண்ணீர்த்துளியும்.

"அக்கா, எனக்கு மட்டும் முதல்ல அழிச்சு விடுங்க. நாலு மணிக்குப் பொண்ணு கேக்கப் போறேன்."

"இந்த மூஞ்சியோடவா?" என்றாள் ஒப்பனைக்காரி.

"அதுக்குத்தானே கெஞ்சுறேன்."

"அழிக்கிற மருந்து தீந்துபோச்சுப்பா. எடுத்துட்டு வர ஆள் போயிருக்கு. அரைமணி ஆகும். நகத்தால சுரண்டாத, தோலு வந்துரும்."

வரிசையிலிருந்து ஒருவன், "டேய், இப்பதான்டா நீ பாக்க லட்சணமா இருக்க. இப்படியே போ. மாமனார் பயந்துபோய் ரெண்டு பொண்ணாக் குடுத்துருவாரு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எலிசெயோவும் சிரித்தான், பாதிதான்.

அம்மா இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டையை மாட்டினான். பச்சை தெரியாமல் இருக்கக் கழுத்துவரை எல்லாப் பொத்தானையும் போட்டான். சிலந்தியும் எழுத்தும் அப்படியும் காலருக்கு மேலே தலையை நீட்டின. எங்கள் பக்கத்தில் வெயில் நேரத்தில் கழுத்துவரை பொத்தான் போடுகிறவர்கள் யார் என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். மறைக்கப் போய், ரௌடி வேஷத்தை முழுசாக்கிவிட்டான்.

யாதிரா கூப்பிட்டாள்.

"எங்கடா இருக்க?"

"கிளம்பிட்டேன்."

"அப்பா தொப்பியெல்லாம் போட்டுட்டு வாசல்ல உக்காந்தாச்சு. உங்கம்மா கொண்டுவந்த ரொட்டிக் கூடை அப்படியே கிடக்கு. நீ வந்து உன் வாயால கேட்டாத்தான் தொடுவாராம்."

பெண்ணின் அப்பா கூடையைக் கையில் வாங்கினால் சம்மதம். வாங்காவிட்டால் வந்தவர்கள் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு தெரு பார்க்க நடக்க வேண்டும்.

"யாதி, ஒண்ணு சொல்லணும். கழுத்துல கொஞ்சம் வரைஞ்சிருக்காங்க. இன்னும் அழிக்கல."

"கொஞ்சம்னா?"

"காதுவரைக்கும். அப்புறம் கண்ணுகிட்டயும் ஒண்ணு."

அவள் பக்கம் ஒரு பாத்திரம் கீழே விழுந்து உருண்டது.

"நீ முன்வாசல் பக்கமே வராத. சந்து வழியா வா. சமையல்கட்டுக் கதவைத் திறந்து வைக்கிறேன், எண்ணெய் போட்டுத் தேய்ச்சுப் பாப்போம். அப்பா கண்ணுல மட்டும் பட்டுறாத, எலிசெயோ. இன்னிக்கி பட்டா, அப்புறம் எந்த நாளும் கிடையாது."

4

யாதிராவின் அப்பா ஃபெர்மினை எழுதுவதில் எனக்குச் சிக்கல். முதலில் என் நாவல்களில் வருகிற கோபக்கார அப்பாவாக எழுதினேன். மீசையை முறுக்கினார், கதவை அறைந்தார். அந்த வரிகளை அடித்துவிட்டேன். அவர் மெதுவாகப் பேசுகிறவர், கூரை போடுகிற வேலை பார்த்து முழங்கால் தேய்ந்தவர்.

அவருக்கு நேஸ்தோர் என்று ஒரு மகன் இருந்தான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு கார் அவன் பக்கத்தில் நின்றது. "எந்தப் பக்கம்டா நீ?" என்று கேட்டார்கள். எங்கள் ஊரில் அது முகவரி விசாரிக்கிற கேள்வி இல்லை. நேஸ்தோர் எந்தக் கும்பலிலும் இல்லாதவன். "எந்தப் பக்கமும் இல்ல" என்று உண்மையைச் சொன்னான். அவர்கள் நம்பவில்லை. அவனுக்குப் பத்தொன்பது வயது.

அதற்குப் பிறகு ஃபெர்மின் பச்சை குத்திய கழுத்துள்ள எவனையும் வாசற்படி ஏற விடுவதில்லை. படமாக இருந்தாலும் தொலைக்காட்சியை அணைத்துவிடுவார். "நம்ம புள்ளைங்க சாகுறதைப் பாக்க டிக்கெட் வாங்குறானுங்க" என்று ஒரு தடவை சொன்னார். அதற்குமேல் சொன்னதில்லை.

மஞ்சள் தாள் அவர் கதவிலும் ஒட்டியிருந்தது. அவர் அதைக் கிழிக்கவில்லை. நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார் என்று முதலில் எழுதினேன். ஏன் வைத்துக்கொண்டார் என்று எனக்கே விளங்காததால் அந்த வரியை எடுத்துவிட்டேன்.

5

ஆறு தெரு நடக்க வேண்டும். எலிசெயோ வேகமாக நடந்தான். இங்கே இன்னொரு தவறு. மூன்று நாளாக அவனுக்கு ரௌடி நடை சொல்லிக்கொடுத்தவர் கனடாவிலிருந்து வந்தவர். தோளைச் சாய், முழங்காலைத் தளர விடு, யார் கண்ணையும் பார்க்காதே என்று மூன்று நாள் விரட்டியிருந்தார். அவசரத்தில் கால் அதையே நடந்தது. அவனுக்குத் தெரியவில்லை.

நான்காவது தெருவில் செடிக்கு நீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பெண் அவனைப் பார்த்துக் கையசைத்தாள். "நேத்து நல்லா செத்தப்பா" என்றாள். அவனும் கையசைத்தான்.

ஆறாவது தெருவில் ஒரு சாம்பல் நிறக் கார் அவன் பின்னாலிருந்து வந்து, வேகத்தைக் குறைத்து, கூடவே உருண்டது.

அவன் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததும் தப்பு, பார்த்திருந்தாலும் தப்பு. சந்து திரும்ப இன்னும் பத்து அடி இருந்தது. யாதிரா வீட்டு முன்வாசல் அவனிடமிருந்து நாற்பது அடி. கண்ணாடி இறங்கியது. உள்ளே இருவர். பக்கத்து இருக்கையில் இருந்தவனின் வலது கை மடிக்குக் கீழே இருந்தது.

"டேய். எந்தப் பக்கம்டா நீ?"

எலிசெயோ நின்று, யாதிரா வீட்டுக்கு முதுகைக் காட்டிக் காரின் பக்கம் திரும்பினான்.

"செவிடா? கழுத்துல என்னமோ எழுதியிருக்கே. நோரியாவா? அது எவன்டா புதுசா, எங்க தெருவுல?"

இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்தேன். அவன் வாயில் என்ன பதிலைப் போடுவது?

"எந்தப் பக்கமும் இல்லண்ணா —" இது நேஸ்தோர் சொன்ன பதில். எலிசெயோவுக்கு அது தெரியும். அந்த வீட்டில் மாப்பிள்ளையாகப் போகிறவனுக்குத் தெரியாமல் இருக்குமா.

"இது சினிமாண்ணா, ஒட்டுப் பச்சை, வேணும்னா தொட்டுப் பாருங்க —" உண்மைதான். ஆனால் கையைக் கழுத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கை அசைந்தால் அவன் கையும் அசையும்.

"பொண்ணு கேக்கப் போறேன் —" இதை எழுதியபோது நானே அழுதேன், அதனாலேயே நம்பவில்லை.

எதிர்வீட்டு மாடியில் ஒருவர் கைப்பேசியை நீட்டிக் காரையும் அவனையும் படமெடுத்துக்கொண்டிருந்தார். சந்தோஷமாக எடுத்தார். மஞ்சள் தாள் ஒட்டிய தெருவில் யாரும் போலீசைக் கூப்பிடப் போவதில்லை.

6

முடிவுகள்.

படக்காரர்களின் முடிவு உங்களுக்குத் தெரியும். இரண்டு சத்தம், சுவரில் செத்தவனின் ஓவியம், அதன் கீழே மெழுகுவர்த்திகள். இதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

என் முடிவு: யாதிரா ஓடி வருகிறாள், காருக்குள் இருப்பவன் அவளோடு பள்ளியில் படித்தவன், "அட, இவன் உன் ஆளா" என்று சிரிக்கிறான். கூடை கைமாறுகிறது. என் பதிப்பாளருக்கு இது பிடிக்கும். ஆனால் யாதிரா அந்த நேரத்தில் பின்கட்டில் எண்ணெய்ப் புட்டியோடு நிற்கிறாள். அங்கிருந்து தெரு தெரியாது. அவளை ஓடி வரவைக்க நான் வீட்டையே இடம் மாற்றிக் கட்ட வேண்டும்.

தெரு தெரிகிற இடத்தில் இருந்தவர் ஒருவர்தான்.

7

ஃபெர்மின் வாசல் நாற்காலியிலிருந்து அந்தக் காரைப் பார்த்தார். காரின் பக்கத்தில் ஒரு முதுகு, ஒரு கழுத்து, அதில் சிலந்தி. அவர் வெறுக்கிற கழுத்து. முகம் தெரியவில்லை.

அவரை நாற்காலியிலேயே உட்காரவைத்து நான்கு தடவை எழுதிப் பார்த்தேன். நியாயமும் அதுதானே. எவனோ ரௌடி, எவனோ கேட்கிறான், போதாக்குறைக்கு சினிமா வேறு நடக்கிறது. நான்கு தடவையும் மூன்றாவது வரியில் அவர் எழுந்துவிட்டார்.

நல்ல தொப்பியோடு, நல்ல காலணியோடு, முழங்கால் வலிக்கப் படியிறங்கினார். ஓடவில்லை. நாற்பது அடியும் நடந்தார். காருக்கும் அந்தப் பையனுக்கும் நடுவில் வந்து, பையனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"பெருசு, ஒதுங்கு" என்றான் காருக்குள் இருந்தவன். "உன்னைக் கேக்கல. இவன் எந்தப் பக்கம்னு கேட்டேன்."

"நீ கேட்டது காதுல விழுந்துச்சு" என்றார் ஃபெர்மின். "ஒன்பது வருஷமா விழுந்துக்கிட்டுத்தான் இருக்கு."

"அப்ப நீ சொல்லு."

அவர் கையைத் தூக்கித் தன் வீட்டைக் காட்டினார்.

"அந்தப் பச்சைக் கதவு. அந்தப் பக்கம். எங்க வீட்டுப் புள்ள."

காருக்குள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மடிக்குக் கீழே இருந்த கை இன்னும் மேலே வரவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

எலிசெயோவுக்கு அவர் தொப்பியும் தோளும் மட்டும் தெரிந்தன. தான் யார் என்று அவருக்குத் தெரியாது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பேசினால் குரலில் தெரிந்துவிடும். தெரிந்தால் கல்யாணம் போகும். பேசாமல் இருந்தால், யாரென்றே தெரியாத ஒருவனுக்காக இந்த மனிதர் செத்துப்போகலாம்.

"ஐயா" என்றான். "நான்தான். எலிசெயோ."

அவர் திரும்பவில்லை.

"எவனா இருந்தா என்ன" என்றார். "பின்னாடியே நில்லு."

இங்கே நிறுத்திக்கொள்கிறேன். அந்தக் கார் போனதா, போன பிறகு அவர் திரும்பி அந்தக் கழுத்தைப் பார்த்து என்ன சொன்னார், இரண்டையும் நான் எழுத மாட்டேன். காரைக் கிளப்பும் வேலை உங்களுடையது. எப்படியும் கிளப்புங்கள். ஆனால் அவரை மட்டும் நகர்த்த முயற்சி செய்யாதீர்கள். நான் பார்த்துவிட்டேன், அவர் நகர மாட்டார்.