கண் வைக்காத படம்

சேலை விற்கப் போகிறவன் சேலையைப் பார்க்க வேண்டும். தண்டாயுதபாணியோ வாங்க வந்தவளின் மூக்கைப் பார்ப்பான். விலை படியாமல் அவள் எழுந்து போன பிறகும் அந்த மூக்கு அவனுடைய நோட்டுக்குள் இருக்கும். ஆட்டையாம்பட்டித் தறிகளுக்கு வரும் நூல் சிப்பத்தைப் பழுப்புத் தாளில்தான் சுற்றியிருப்பார்கள். அந்தத் தாளை யாரும் எறிய விடமாட்டான். மடித்து, அறுத்து, தறி நூலாலேயே தைத்து நோட்டாக்கிக்கொள்வான். யுத்த காலத்தில் வெள்ளைத் தாளுக்கு எங்கே போவது? கரியில் ஓடும் பஸ் மேட்டில் நின்றுவிட, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளும் பிரயாணிகள், நாமக்கல் கோட்டைப் பாறையின் நிழலில் தூங்கும் கழுதை, வீட்டில் தறிப் பாவு நூலுக்குக் கஞ்சி போடும் மனைவி உண்ணாமலையின் முழங்கை, எல்லாம் அதில் இருந்தன. "முழங்கைய எழுதினீங்க, சரி. மூஞ்சி எங்கங்க?" என்று அவள் கேட்டதற்கு இன்னும் அவன் பதில் சொல்லவில்லை.

முகம் எழுதுவதில்தான் தொல்லை. படம் எழுதினால் ஆயுசு குறைந்துவிடும் என்று ஜனங்கள் பயந்தார்கள். அதற்கு அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். அவன் தெருக் கோயிலில் அம்மன் சிலைக்கு ஸ்தபதி கண் திறந்ததை அவன் பார்த்திருக்கிறான். கண் திறக்கும்வரை அது கல். திறந்த பிறகுதான் அம்மன். ஆகவே இவனும் முகத்தை முழுதாக எழுதிவிட்டு, கருவிழியை மட்டும் வைக்க மாட்டான். பென்சிலை முகத்துக்குச் சொந்தக்காரரிடமே நீட்டுவான்.

"நீங்களே வெய்யுங்க. வெச்சாத்தான் அது நீங்க. வெக்காட்டி வெறுங் காயிதமுங்க" என்பான்.

சிலர் வெட்கப்பட்டுக்கொண்டே வைத்தார்கள். வைக்காதவர்கள் கண்ணில்லாமலே நோட்டில் கிடந்தார்கள். கண் வைக்காத முகம் யாருடையதும் அல்ல என்று அவன் மனதார நம்பினான். சாமி காரியத்தை ஆசாமிகள் விஷயத்திலும் நம்பியது அவன் செய்த முதல் பிசகு.

நோட்டின் முதல் பக்கத்தில் இருந்தது அருணகிரியின் முகம். இருவரும் ஒரே தெரு. சந்தைக்குச் சந்தை ஒன்றாகப் போய், சத்திரத்தில் ஒரே பாயில் படுப்பவர்கள். மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அருணகிரியின் காதில் எப்போதும் ஒரு காப்பியிங் பென்சில் செருகியிருக்கும். எழுதுமுன் அதை நாக்கில் நனைப்பான். நனைந்தால் எழுத்து ஊதா மையாக இறங்கும். பிறகு என்ன செய்தாலும் அழியாது. சந்தை நாளில் அவன் நாக்கு நாவற்பழம் தின்றது போல் இருக்கும். தன் படத்துக்குக் கண் வைக்கத் தண்டாயுதபாணியின் கறுப்புப் பென்சிலை அவன் தொடவில்லை.

"என்ற கண்ணு அழியக்கூடாது மச்சான்" என்று சிரித்துக்கொண்டு, தன் பென்சிலாலேயே இரண்டு ஊதாப் புள்ளி வைத்தான்.

பரமத்தி வேலூருக்குப் போனால் இருவருக்கும் அங்கம்மாள் வீட்டில் சோறு. காவிரிக் கரையில் அவளும் புருஷனும் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார்கள். அந்த வருஷம் கொடிக்காலில் ஒரு புது ஆள் வேலை செய்தான். காத்தான் என்று பெயர் சொன்னார்கள். தலைப்பாகையைப் புருவம்வரை இறக்கிக் கட்டிக்கொண்டு, யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாத ஆள்.

ஒருநாள் மத்தியானம் அருணகிரி சந்தையிலேயே தங்கிவிட்டான். தண்டாயுதபாணி மட்டும் சாப்பிட வந்தான். சோறு போட்டுக்கொண்டே அங்கம்மாள் சொன்னாள்:

"அவன் பேரு காத்தான் இல்லீங்கண்ணா. என்ற தம்பிங்க, நாச்சிமுத்து. ராசிபுரத்துப் பக்கம் தந்திக் கம்பி அறுத்த கேசுல தேடறாங்க. போலீசுக்குப் பேரு தெரியும், ஆளைத் தெரியாது. ஒரு போட்டோகூட எடுத்ததில்லீங்க. உங்ககிட்ட மறைக்க மனசு வல்லீங்க."

நாச்சிமுத்து வந்து உட்கார்ந்து தலைப்பாகையை அவிழ்த்தான். இடது கண்ணில் மிளகளவு வெள்ளையாய்ப் பூ விழுந்திருந்தது. அதை மறைக்கத்தான் அந்தத் தலைப்பாகை. வெற்றிலைக் கொடியைக் கட்டுவதற்கு அவன் கோரைப் புல்லைக் கிழித்துக்கொண்டிருந்த அழகைப் பார்த்ததும் தண்டாயுதபாணிக்குக் கை சும்மா இருக்கவில்லை. வேண்டாம் என்று அங்கம்மாள் முதலில் தடுத்தாள். கண் வைக்காத படம் வெறும் காகிதம் என்று அவன் அடித்துச் சொன்னதும் சம்மதித்தாள். எழுதி முடித்துப் பென்சிலை நீட்டினான்.

நாச்சிமுத்து வாங்கவில்லை. "இப்ப வேண்டாமுங்க. கேசு தீரட்டும். அன்னைக்கு நானே ஆட்டையாம்பட்டிக்கு வாரேன். ரெண்டு கண்ணும் வெக்கறேன், பூவோட!"

மூவரும் சிரித்தார்கள்.

அன்று மாலை திரும்பும் பஸ்ஸில் தண்டாயுதபாணிக்கு வாய் நிற்கவில்லை. காத்தான் யார், கண் எப்படி, பூவோடு வைப்பதாக அவன் சொன்னது எல்லாவற்றையும் அருணகிரியிடம் கொட்டினான். அருணகிரியிடம் சொல்வது வெளியே சொல்வதாக அவனுக்குத் தோன்றவே இல்லை. தனக்குத் தானே பேசிக்கொள்வது போலத்தான். அருணகிரி உம் கொட்டிக்கொண்டு வந்தான். ஊர் நெருங்கும்போது, "என்ற மவ ஆராயிக்குக் காச்ச மச்சான். புள்ள எந்நேரமும் படுத்தே கெடக்குது. உன்ற நோட்டக் குடு, படம் பாத்தாத் தெளியும்" என்றான்.

பெண்டாட்டியிடம்கூட முழுதாகக் கொடுக்காத நோட்டை மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

அடுத்த வாரம் நோட்டு திரும்பி வந்தது. நல்ல கட்டம் போட்ட துணியில் புது உறை தைத்துப் போட்டிருந்தான் அருணகிரி. மனுஷன் என்றால் இவனல்லவா மனுஷன் என்று தண்டாயுதபாணி உருகிப்போனான். உறையைத் தடவிப் பார்த்தவன் உள்ளே புரட்டிப் பார்க்கவில்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பி, எதிர் வீட்டுக் கூரையில் படர்ந்த பூசணியை எழுத உட்கார்ந்துவிட்டான்.

மறுபடி வேலூருக்குப் புறப்பட்டபோது அருணகிரி, சேலத்தில் வேலை இருக்கிறது என்று வரவில்லை. தண்டாயுதபாணி தனியாக மூட்டையைச் சுமந்துகொண்டு போய் அங்கம்மாள் வாசலில் இறக்கினான். அவள் வா என்று சொல்லவில்லை.

"என்ற தம்பியப் போன வாரமே போலீசு புடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க" என்றாள். "கொடிக்கால் கொடிக்காலா வந்து, ஆளுகள வரிசையா நிறுத்தி, தலைப்பாவ அவுக்கச் சொல்லி, கண்ணக் கண்ணப் பாத்தாங்க. அவுங்க கையில இருந்தது உங்க நோட்டுங்க. பழுப்புக் காயிதம் எனக்குத் தெரியாதுங்களா?"

"என்ன அம்மிணி சொல்றே? அது கண்ணில்லாத படமாச்சே!"

பதறிக்கொண்டு நோட்டைப் பிரித்தான். தன் பேச்சுக்குச் சாட்சி அந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடித் தேடிப் புரட்டினான். "பாரம்மிணி, இதோ பாரு" என்று அவள் முன்னால் விரித்தான்.

தாளிலிருந்து நாச்சிமுத்து இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு கண்ணும் இருந்தன, ஊதா நிறத்தில். இடது கண்ணில் மிளகளவு இடம் மட்டும் மை படாமல் பூவுக்காக விட்டிருந்தது.

தண்டாயுதபாணி கட்டைவிரலை எச்சிலில் நனைத்து அழித்தான். ஈரம் பட்டதும் ஊதா இன்னும் கறுத்து, கன்னம்வரை பரவியது. அழிக்க அழிக்க விரலெல்லாம் ஊதா. அப்போதுதான் அது யார் பென்சில் என்பது மண்டையில் ஏறியது.

"மூட்டைய எடுத்துக்கிட்டுப் போங்கண்ணா" என்றாள் அங்கம்மாள்.

ஆட்டையாம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அருணகிரி வீட்டுக்குப் போனான். நூல் கிடைக்காமல் பாதித் தறிகள் சும்மா கிடந்த காலம். அருணகிரி வீட்டு முன்னறையில் மட்டும் நூல் சிப்பங்கள் உத்தரம்வரை அடுக்கியிருந்தன. சர்க்கார் லைசென்ஸ் பெற்ற நூல் கடை என்று புதுப் பலகை தொங்கியது. வாசலில் ஆராயி நொண்டி ஆடிக்கொண்டிருந்தாள்.

"காச்ச தேவலையா சாமி?"

"எனக்கேது காச்ச மாமா?" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த கட்டத்துக்குத் தாவினாள்.

தண்டாயுதபாணி உள்ளே போய் நோட்டை விரித்து வைத்தான். அருணகிரி அதைப் பார்க்கவில்லை. காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"ஏன்டா இப்பிடிச் செஞ்ச?"

"கண்ணில்லாம ஆளு அடையாளம் தெரியலைன்னாங்க மச்சான்."

"நேர்ல போயிக் காட்டியிருக்கறதுதானே? என்ற நோட்டு எதுக்குடா?"

"நேர்ல போனா ஊரு பாக்குமில்ல" என்றான் அருணகிரி, அதிலென்ன தப்பு என்பது போல. பிறகு குரலை உயர்த்தினான். "நான் வெச்சது ரெண்டு புள்ளி. மூஞ்சிய எழுதினது நீ. போ, போயி வேலையப் பாரு."

அடித்திருக்கலாம். அடிக்கத்தான் போனான். சத்திரத்துப் பாயில் ஒரு மழைநாளில் தன் துப்பட்டியை இவன் மேல் போர்த்திவிட்டுக் குளிரில் கிடந்தவன் இதே அருணகிரிதான் என்பது அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்து தொலைத்தது. கை எழவில்லை. தெருவில் நின்று, வருகிறவர் போகிறவர் பார்க்க, குழந்தை மாதிரி அழுதான்.

அழுது முடித்ததும் ஒரே ஒரு ஆசைதான் மிச்சமிருந்தது. அங்கம்மாள் தன்னைத் தப்பாக நினைக்கக் கூடாது. மறுநாள் மூட்டை இல்லாமல், நோட்டும் இல்லாமல் வேலூருக்குப் பஸ் ஏறினான்.

அவள் வெற்றிலையைக் கவுளி கவுளியாக அடுக்கி வாழைநாரால் கட்டிக்கொண்டிருந்தாள். இவன் சற்றுத் தள்ளி நின்றுகொண்டே சொன்னான்.

"கண்ணு வெச்சது நானில்லை அம்மிணி. அருணகிரி. சத்தியமா அவன்தான்."

"தெரியுமுங்கண்ணா" என்றாள் அவள், நிமிராமல். "ஊதாவப் பாத்தப்பவே தெரியும். எத்தன நாளு அந்த நாக்குக்குச் சோறு போட்டிருக்கறேன்!"

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப என்ற மேல கோவம்..."

அங்கம்மாள் நாரை முடிச்சுப் போட்டுவிட்டு முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"கண்ண அவரு வெச்சாரு. சரிங்க. அவருக்கு முன்னாடி என்ற தம்பி ஒருநாளும் தலைப்பாவ அவுத்ததில்லையே. பூவ ஆருங்கண்ணா சொன்னது?"

ஆற்றுப் பக்கமிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் பதிலுக்குக் காத்திராமல் அடுத்த கவுளியை எடுத்தாள்.