மதினியின் வெல்லக்கட்டி

வீடியோ ஓடத் தொடங்கியபோது முகம் தெரியவில்லை, வெள்ளி மினுக்கம் மட்டும் தெரிந்தது. கன்னத்திலும் புருவத்திலும் அலுமினியப் பவுடர் படிந்த ஒரு பெண், தண்ணீருக்கடியிலிருந்து பார்ப்பவளைப் போல என்னைப் பார்த்தாள். பேசிய பிறகுதான் அடையாளம் தெரிந்தது. என் அண்ணன் மனைவி அழகுமீனா.

நான் விருதுநகரில், ஜன்னலுக்குத் துணி போட்டு மறைத்த அறையில் உட்கார்ந்து, பிறர் போடும் வீடியோக்களைப் பார்க்கிறேன். அதுதான் வேலை. பொய்யான வைத்தியம் என்று யாராவது புகார் செய்த தமிழ் வீடியோக்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் நாற்பது நொடி. இருக்கட்டும், அல்லது நீக்கு. வெளியே சொல்லக் கூடாதென்று கம்பெனி எழுதி வாங்கியிருக்கிறது. கம்ப்யூட்டரில் ஏதோ டைப் அடிக்கிறேன் என்றுதான் வீட்டில் நினைக்கிறார்கள்.

"வேல விட்டு வந்ததும் ஒரு கட்டி வெல்லத்த வாயில போட்டுக்கோங்க," என்றாள் மதினி. "நெஞ்சுல ஒட்டுன பவுடரு அம்புட்டும் எறங்கிரும். ஆஸ்பத்திரியில குடுத்த இழுக்குற மருந்தயே நான் நிப்பாட்டிட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். சிரிப்பு மாறவில்லை. "ஆடிக் காத்துல பவுடரு பறக்குதுன்னு எங்க ஷெட்டுல நாலு ஜன்னலயும் அடச்சுப் போட்டாக. அஞ்சு பேருக்கு இதே இருமலு. அதான் சொல்லுதேன், வெல்லம் தின்னுங்க."

பட்டாசு வேலைக்குப் போகும் பெண்கள் முந்தானையில் வெல்லம் முடிந்து வைத்திருப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். வெல்லம் தொண்டையோடு சரி, நுரையீரலுக்குப் போகாது. மருந்தை நிறுத்தச் சொல்லும் வீடியோவை நீக்க வேண்டும் என்பது விதி. ஜன்னலை விட்டுவிட்டு வெல்லத்தை மட்டும் வெட்டியெடுக்க என்னிடம் கத்தரி இல்லை. தெரிந்தவர்கள் வந்தால் வேறொருவருக்குத் தள்ளிவிட ஒரு பட்டன் இருக்கிறது. அதையும் நான் தொடவில்லை. மதினியின் சொற்களுக்கு நடுவே மூச்சில் மெல்லிய விசில் ஒன்று கேட்டுக்கொண்டிருந்தது. அதைக் கேட்டபடியே நீக்கினேன்.

பிறகு வந்த வீடியோக்களில் எல்லோர் முகத்திலும் வெள்ளி படிந்திருந்தது. சாப்பிடும்போது தட்டிலும் மினுங்கியது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஆமத்தூரைத் தாண்டியபோது வெயிலில் கானல் எழுந்தது. நானும் யாரோ பார்த்துக்கொண்டிருக்கும் வீடியோவுக்குள் போவது போலவே அண்ணன் வீடு இருக்கும் விஸ்வநத்தத்தில் இறங்கினேன்.

மதினி தலைக்குக் குளித்துவிட்டு முடியை உதறிக்கொண்டிருந்தாள். காது மடலில் வெள்ளி போகவில்லை.

"வாங்க, கம்ப்யூட்டர் அம்மா. பஸ்சு மாறி ஏறிட்டீகளோ?"

"அண்ணன எங்க மதினி?"

"லோடு ஏத்தப் போயிருக்காக. ஒங்கண்ணனக் காங்கலன்னா உள்ள வர மாட்டியாக்கும்?" இருமினாள். "என் வீடியோவ எவனோ தூக்கிட்டான் சொர்ணம். பதினோராயிரம் பேரு பாத்தது."

"மருந்த நிப்பாட்டுனேன்னு சொன்னா தூக்கத்தான் செய்வாக. ஜன்னலப் பத்தி மட்டும் சொல்ல வேண்டியதுதான?"

"அத மட்டும் சொன்னா எவ நின்னு கேப்பா? வெல்லம்னதும் கேக்காளுக. போர்மேனும் பாத்தாரு. அழகுமீனா டாக்டராயிட்டான்னு சிரிச்சிட்டுப் போயிட்டாரு. அவருக்கு வெல்லந்தான் கேட்டுச்சு, ஜன்னலு கேக்கல."

"அப்ப மருந்த நெசமா நிப்பாட்டலயா?"

துண்டை மடித்து, விரித்து, மறுபடி மடித்தாள். "நிப்பாட்டித்தான் இருக்கேன். வெல்லம் எனக்கு நல்லாத்தான் இருக்கு."

மதினியை ஏமாற்றுக்காரியாகவோ ஏமாந்தவளாகவோ நினைக்க முடிந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் இரண்டுமாக இருந்தாள். நானும்தான்.

"தூக்குனது நாந்தான் மதினி. அதுதான் என் வேல."

மடித்த துண்டை அவள் கீழே வைத்தாள். "எங்க வாயப் பொத்துறதுக்கா ஒனக்குச் சம்பளம்?"

"நீங்க பேசயில நெஞ்சுக்குள்ள விசில் கேட்டுச்சு. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் கேக்கல."

மதினி அடுப்படிக்குப் போனாள். காப்பி கொண்டுவந்து வைத்தாள். கிளம்பும்போது, அச்சுப் பிசகிய பட்டாசு லேபிள் ஒன்றில் வெல்லக்கட்டியைச் சுற்றிக் கையில் திணித்தாள். கோபமா பிரியமா என்று வழி முழுக்க யோசித்தேன்.

எங்கள் வரிசையில் தமிழ் பார்ப்பவர்கள் ஆறே பேர். ஒன்பது நாள் கழித்து அவள் வீடியோ ஒன்று மறுபடி என்னிடமே வந்தது. இந்த முறை சிரிப்பில்லை. இடுப்பிலிருந்து மருந்தை எடுத்து ஒரு இழுப்பு இழுத்து, அடக்கி, விட்டாள். பிறகு பேசினாள். எத்தனை ஜன்னல், எத்தனை நாள், எத்தனை பேருக்கு இருமல். பார்த்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.

புகார்: பொய்யான வைத்தியம். வீடியோவில் வைத்தியமே இல்லை. புகார் செய்தது யாரென்று எனக்குக் காட்ட மாட்டார்கள். இனி போர்மேனுக்குக் கேட்பதற்கு ஜன்னல் மட்டும்தான் இருந்தது. நீக்கினால் அவள் வேலை பிழைக்கும், என்னை யாரும் கேள்வி கேட்கவும் மாட்டார்கள். நொடிகள் குறைந்துகொண்டிருந்தன. நான் விசிலைத் தேடிக்கொண்டிருந்தேன். இருந்தது, முன்பைவிடத் தூரத்தில்.

இருக்கட்டும் என்பதை அழுத்தினேன்.

மூன்றாம் நாள் அண்ணன் போன் செய்தான்.

"ஒன் மதினிய வேலைக்கு வர வேண்டாம்னுட்டாக."

"ஜன்னலு?" என்றேன்.

போன் கை மாறும் சத்தம் கேட்டது. பிறகு மதினியின் மூச்சு.

"ரெண்ட தொறந்துருக்காகளாம்," என்றாள். "இன்னும் ரெண்டு இருக்கு."