கூட்டித் தள்ளிய பால்வெளி

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சிந்தத் தெரியும், அள்ளத் தெரியாது. வாத்தியார்கள் அதற்கும் ஒரு படி மேல். பள்ளிக்கூட மண்டபத்தைத் திறந்ததுமே காவலாளிக்கு வாயில் வசவு வந்துவிட்டது. தரையில் விரித்த கறுப்புத் துணி முழுக்கச் சுண்ணக்கட்டித் தூளும் வெள்ளை மணலும் சுழிசுழியாய் இறைந்து கிடந்தன.

"எருமை புரண்ட இடம் மாதிரி வெச்சிருக்குதுங்க!"

வேறு நாளென்றால் அப்படியே விட்டிருப்பார். இன்று இங்கே பாடம் நடத்தப்போவது அவர் மகள். தற்காலிக ஆசிரியை. தலைமையாசிரியை உட்கார்ந்து பார்ப்பார். பிடித்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு சரி. மகள் காலில் ஒரு தூசு ஒட்டக் கூடாதென்று துணியை உதறினார், கூட்டினார், ஈரத்துணியால் துடைத்தார். ஓரமாகக் கிடந்த சிவப்பு மணியை மட்டும், எந்தக் குழந்தை தொலைத்ததோ என்று, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பிள்ளைகளோடு வந்த மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அப்பா... இங்க இருந்ததெல்லாம் எங்க?"

"குப்பையா? அள்ளிக் கொட்டிட்டேன். கண்ணாடி மாதிரி இருக்கு பாரு!"

"குப்பை இல்லப்பா, பால்வெளி. நம்ம சூரியனும் மத்த நட்சத்திரங்களும் சேர்ந்த கூட்டம். பிள்ளைங்க நேத்து முழுக்க உட்கார்ந்து தூவினாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா சிரிப்பீங்க."

சிரித்திருப்பார்தான். குப்பைத்தொட்டிக்கு ஓடினார். தூளும் மணலும் ஈரத்தில் குழைந்து, பென்சில் சீவலும் தலைமுடியும் ஒட்டிக் கிடந்தன. ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு அதிலேயே போட்டார்.

திரும்பி வந்தபோது தலைமையாசிரியை நாற்காலியில் இருந்தார். காவலாளி மணியை மகளிடம் நீட்டினார்.

"இது மட்டும்தான் இருக்கு."

அவள் அதை வெறும் கறுப்புத் துணியில் வைத்தாள். "பிள்ளைங்களா, இதான் நம்ம சூரியன். நாம இதுக்குப் பக்கத்துலதான் இருக்கோம்."

"மத்த நட்சத்திரமெல்லாம் எங்கம்மா?" என்றார் தலைமையாசிரியை.

"கரடித் தாத்தாவோட குப்பைத்தொட்டில டீச்சர்!" என்றது முன்வரிசையில் ஒரு வாண்டு, காவலாளியைக் கைகாட்டி.

மண்டபமே சிரித்தது. மகள் காற்றில் கையால் சுழித்துக் காட்டப் பார்த்தாள். சிரிப்பு அடங்கவில்லை.

"தயாரிப்பு போதாதும்மா." தலைமையாசிரியை எழுந்துவிட்டார்.

"கூட்டினது நாந்தாம்மா!"

"பாடம் நடத்தறது அவங்கதானே, ஐயா?"

பிள்ளைகள் போன பிறகு மகள் துணியை மடித்தாள். திட்டியிருந்தாலாவது தேவலை. ஏதாவது பேசவேண்டும்போல் இருந்தது அவருக்கு. வாயைத் திறந்தால் வந்ததென்னவோ இதுதான்:

"ஏம்மா, அந்த நட்சத்திரக் கூட்டத்துக்கு வெளிய போயி யாராச்சும் பாத்தாங்களா?"

"யாரும் போனதில்லப்பா."

"அப்புறம் சுழிசுழியா இருக்குன்னு எவன் சொன்னான்?"

அவள் விளக்க வாயெடுத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

துடைப்பத்தை எடுத்துக்கொண்டு காவலாளி முணுமுணுத்தபடி வெளியே நடந்தார்.

"வீட்டுக்குள்ள உட்கார்ந்துக்கிட்டே கூரைமேல என்ன நிறம்னு சொல்லுவாங்களாம். அதை நாம நம்பணுமாம்!"