பதினேழு ஒன்றுகள்

பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தனியார் பள்ளியில் கணக்கு என்றால் அஃப்சானா மிஸ்தான். எட்டு வருஷமாக அப்படித்தான். போன ஜூனில் ஏரியூரிலிருந்து இன்னொரு கணக்கு டீச்சராக ஜாஸ்மின் வந்து சேர்ந்தாள். சந்தேகம் கேட்க ஸ்டாஃப் ரூமுக்கு வரும் பிள்ளைகள் அஃப்சானாவின் மேஜையைத் தாண்டி ஜன்னலோர மேஜைக்குப் போக ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் ஜாஸ்மின் பத்தாம் வகுப்புக் கரும்பலகையில் பதினேழு ஒன்றுகளை வரிசையாக எழுதிப்போட்டு, இதை மீதியில்லாமல் வகுக்கும் எண் உண்டா என்று கேட்டாள். மூன்று ஒன்று என்றால் மூன்றால் வகுபடும். நான்கு ஒன்று என்றால் பதினொன்றால். இதுவோ எதற்கும் மசியவில்லை. பிள்ளைகள் சாப்பாட்டு நேரத்தில்கூட வகுத்துப் பார்த்தார்கள். ஆயிரத்துக்குள் ஒன்றும் சிக்காமல் போகவே, பகா எண்ணாகத்தான் இருக்கும் என்று ஜாஸ்மின் சொன்னாள். தலைமையாசிரியர் மாதவராஜ் காலை வணக்கக் கூட்டத்தில் அவளைப் பாராட்டி, ஆண்டுக் கண்காட்சியில் அந்த எண்ணையே வைக்கச் சொன்னார்.

அஃப்சானாவும் கைதட்டினாள். உள்ளே மட்டும் எரிந்தது. வீட்டில் கணவன் தாரிக்கிடம் சொன்னபோது, அந்தப் பொண்ணு கெட்டிக்காரியாத்தான் இருக்கணும் என்றான். அன்றைக்கு அவன் தட்டில் இரண்டாவது தோசை விழ வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் பள்ளி முடிந்ததும் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்தாள். எக்செல்லில் எண்ணைப் போட்டால் கடைசி இரண்டு ஒன்றுகள் பூஜ்யமாகிவிட்டன. அதனால் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதி, ஒற்றைப்படை எண்களால் ஒவ்வொன்றாக வகுக்கவிட்டாள். சட்டென்று திரை நின்றது. 2071723. மீதி இல்லை.

அவள் அப்போதே ஜாஸ்மினிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கண்காட்சி வரட்டும் என்று வைத்துக்கொண்டாள்.

கண்காட்சி அன்று பெற்றோர் நிறைந்திருந்த ஹாலில் ஜாஸ்மின் பேசி முடித்ததும் அஃப்சானா எழுந்தாள்.

"இது பகா எண் இல்லீங்க மிஸ். இருபது லட்சத்து எழுபத்தோராயிரத்து எழுநூத்தி இருபத்தி மூணால வகுபடும்."

ஜாஸ்மினின் முகம் சுருங்குவதைப் பார்க்க அஃப்சானா காத்திருந்தாள். அந்த முகமோ மலர்ந்தது. அவள் சாக்பீஸை எடுத்து வகுத்துப் பார்த்தாள்; ஈவு 5363222357 என்று வந்தது. சற்று நேரம் இரண்டு எண்களையும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"மிஸ், ரெண்டுலயும் ஒன்னைக் கழிச்சுப் பாருங்க. முப்பத்தி நாலால வகுபடுது. பதினேழோட ரெண்டு மடங்கு. இதை வகுக்கிற பகா எண் எதுவா இருந்தாலும் அப்படித்தான் இருந்தாகணும்" என்றவள், ஏன் என்பதையும் பலகையிலேயே எழுதிக் காட்டினாள்.

கைதட்டல் எழுந்தது. கண்டுபிடித்தது அஃப்சானா மிஸ்தான் என்று ஜாஸ்மின் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆனால் தான் சொன்னது இயந்திரம் தேடித் தந்ததைத்தான், அதற்குள் இருந்த காரணத்தை ஜாஸ்மின் நின்ற இடத்திலேயே பார்த்துவிட்டாள் என்பது அஃப்சானாவுக்குத் தெரியும். எரிச்சல் இரட்டித்தது.

மேடையிலிருந்து இறங்கியதும் ஜாஸ்மின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடுத்து பத்தொன்பது ஒன்னு பாக்கலாங்களா மிஸ்? அது உடையாதுன்னு நினைக்கிறேன். நீங்கதான் கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்கணும்."

அவள் சொல்வது பொய்யாக வேண்டும் என்பதற்காகவே அஃப்சானா ஒப்புக்கொண்டாள். ஜாஸ்மின் சொன்ன வழியிலேயே, முப்பத்தெட்டின் மடங்கோடு ஒன்று கூட்டிய எண்களை மட்டும் ஓடவிட்டு, ஏதாவது ஒன்று சிக்காதா என்று திரையை முறைத்தபடி இருந்தாள். புரோகிராம் பார்க்க வேண்டிய கடைசி எண் வரை ஓடி முடித்தது. ஒன்றும் சிக்கவில்லை. அது பகா எண்தான்.

திங்கட்கிழமை ஜாஸ்மின் வற்புறுத்தியதால் அஃப்சானாவே அதைப் பத்தாம் வகுப்புப் பலகையில் எழுதினாள். கீழே தன் பெயரை மட்டும் போட்டாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். எல்லாரையும்விட உரக்கத் தட்டியது ஜாஸ்மின். அந்த முகத்தில் பொறாமையின் நிழலாவது தெரிகிறதா என்று அஃப்சானா தேடினாள். இல்லை. மணி அடித்ததும் அவளோடு ஸ்டாஃப் ரூமுக்குப் போகாமல் அஃப்சானா நேரே அடுத்த வகுப்புக்குப் போய்விட்டாள்.